நிற்காத பசுவை நிறுப்பது எப்படி

கல்லாற்றில் அந்தத் தொழுவத்துக்குள் நான் நுழைந்தபோது, அண்ணாச்சி ஒரு கன்றுக்குட்டியை மார்போடு அணைத்தபடி ஆள் எடை பார்க்கும் சிறிய மெஷின் மேல் ஏறி நின்றிருந்தார். கன்றின் உடம்பு மறைத்ததால் காலடியில் தெரியும் எண்ணை அவரால் பார்க்க முடியவில்லை. "தம்பி, சட்டுனு பாத்துச் சொல்லு, குட்டி திமிறுது" என்றார். குனிந்து பார்த்தேன். 98. கன்றை இறக்கிவிட்டுத் தனியாக ஏறினார். 70. பிறந்து ஒரு வாரமான அந்தக் கிடாரிக் கன்று 28 கிலோ.

"கன்னுக்கு இது போதும். இதோட அம்மாவுக்கு என்ன வழி?" என்று கேட்டார்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கல்லாறு. ஊருக்குப் பெயர் தந்த ஆறு வழவழப்பான உருண்டைப் பாறைகளுக்கு நடுவே ஓடி வாமனபுரம் ஆற்றோடு கலக்கிறது. இங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. சுற்றிலும் ரப்பர், மிளகு, வாழை. அவற்றின் நடுவே வீட்டுக்கு இரண்டு மூன்று மாடுகள். விதுராவில் கேரள அரசின் ஜெர்சிப் பண்ணை இருக்கிறது, பக்கத்துச் செட்டச்சலில் அதன் விரிவாக்கப் பிரிவு. அண்ணாச்சியின் தாத்தா நெல்லைச் சீமையிலிருந்து போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்தவர். பேரன் தேயிலையை விட்டு மாட்டுக்கு வந்துவிட்டார். தொழுவத்தில் ஆறு மாடுகள், நான்கு ஜெர்சிக் கலப்பு.

காலையும் மாலையும் அவர் சங்கத்துக்குப் பால் கொண்டுபோகிறார். அங்கே பாலை அளக்கிறார்கள், கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் தசமப் புள்ளி வரை பார்த்து விலை போடுகிறார்கள். அவர் விற்கும் மிளகும் ரப்பர் ஷீட்டும் கிராம் கணக்கில் நிறுக்கப்படுகின்றன. அந்தப் பாலைச் சுரக்கும் உடம்பு மட்டும் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் ஒரு தராசின் மேல் கால் வைப்பதில்லை. இத்தனைக்கும் உயிருள்ள உடம்பை நிறுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திருவிதாங்கூர் மன்னர்கள் தங்கள் எடைக்கு எடை பொன் வைத்துத் துலாபுருஷதானம் செய்தார்கள். குருவாயூரில் இன்றும் குழந்தையை ஒரு தட்டிலும் வாழைப்பழத்தையோ சர்க்கரையையோ மறு தட்டிலும் வைத்துத் துலாபாரம் நடக்கிறது.

பசுவின் எடை தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. கால்நடை மருத்துவர் ஊசியில் மருந்து ஏற்றும் நேரத்தில் இருந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். "எத்தனை கிலோ இருக்கும்?" என்று அவர் கேட்பார், நாம் வாயில் வந்த எண்ணைச் சொல்வோம். குடற்புழுவுக்குத் தரும் ஃபென்பென்டசோல் உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். ஐவர்மெக்டின் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். உண்ணி பரப்பும் தைலீரியா காய்ச்சலுக்குப் போடும் புபார்வகுவோன் 2.5 மில்லிகிராம். 400 கிலோ மாட்டை 300 என்று சொன்னால் மருந்தில் கால் பங்கு குறைந்துபோகிறது. அந்தக் குறைந்த மருந்தில் சாவது பலவீனமான புழுக்கள். பிழைத்துக்கொள்ளும் வலுவான புழுக்களே அடுத்த தலைமுறையைப் பெருக்குகின்றன, சில ஆண்டுகளில் அந்த மருந்தே வேலை செய்யாமல் போகிறது. ஒரு தொழுவத்தில் சொன்ன தப்பான எண்ணுக்குப் பக்கத்துத் தொழுவத்து மாடும் சேர்ந்து விலை கொடுக்கிறது.

மருந்து மட்டும் அல்ல. பிறந்த கன்றுக்குச் சீம்பால் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு. கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு வேண்டிய தீனி, ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், உடல் எடையில் 2.5 முதல் 3 சதவீதம். கிடாரியைச் சினைக்குச் சேர்க்கும் நேரத்தை வயது முடிவு செய்வதில்லை. வளர்ந்த பசுவின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை அது எட்டியிருக்க வேண்டும். இத்தனையும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

அந்த எண்ணைக் கண்ணாலேயே சொல்லிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். பொள்ளாச்சிச் சந்தையிலும் மணப்பாறைச் சந்தையிலும் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர்கள் மாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும், எவ்வளவு கறி தேறும் என்பது வரை சொல்வார்கள். அது பல்லாயிரம் மாடுகளைப் பார்த்துப் பழகிய கண். 1906இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கண்காட்சியில் ஒரு காளையைக் காட்டி, அறுத்துச் சுத்தம் செய்தபின் அதன் எடை என்னவாக இருக்கும் என்று போட்டி வைத்தார்கள். ஃபிரான்சிஸ் கால்டன் அந்தச் சீட்டுகளில் படிக்கக்கூடிய 787ஐ வாங்கி வரிசைப்படுத்தினார். நடுவில் நின்ற மதிப்பீடு 1207 ராத்தல், உண்மை எடை 1198 ராத்தல். நூற்றுக்கு ஒன்றுகூட வித்தியாசம் இல்லை. ஆனால் அது 787 பேரின் பிழைகள் கூடியும் குறைந்தும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டதால் வந்த விடை. தனித்தனிச் சீட்டுகள் அந்த எண்ணைச் சுற்றிச் சிதறிக் கிடந்தன. தொழுவத்தில் நாம் ஒற்றை ஆள். அதுவும் தினமும் அதே மாட்டைப் பார்ப்பவர். சிறிது சிறிதாக வரும் மாற்றம் அந்தக் கண்ணுக்குத்தான் கடைசியாகத் தெரியும்.

தராசு இல்லாத இடத்தில் நாடா உதவும். மாட்டின் மார்பை முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் சுற்றி அளக்க வேண்டும். பிறகு தோள் முனையிலிருந்து பின்புறத்து இடுப்பெலும்பின் முனை வரை நீளம். சென்டிமீட்டரில் எடுத்த சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் கிலோ வரும். ஷேஃபர் சூத்திரம் என்று இதற்குப் பெயர். அண்ணாச்சியின் பசுவுக்கு மார்புச் சுற்று 168, நீளம் 134. கணக்கு 349 கிலோ காட்டியது.

இந்த 10,840 எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். மாட்டின் உடம்பை ஒரு பீப்பாய் என்று வைத்துக்கொள்வோம், அதற்குள் முழுக்கத் தண்ணீர் என்றும் வைத்துக்கொள்வோம். உருளையின் கன அளவுக் கணக்குப்படி, சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி 12,566ஆல் வகுத்தால் அந்தத் தண்ணீரின் எடை கிலோவில் வரும். அண்ணாச்சியின் பசுவுக்கு அது 301 கிலோ. சூத்திரம் சொல்லும் 349க்கும் இதற்கும் இடையே 48 கிலோ துண்டு விழுகிறது. பீப்பாய்க்கு வெளியே தலை இருக்கிறது, கழுத்து இருக்கிறது, நான்கு கால்கள் இருக்கின்றன, பீப்பாயை விடப் புடைத்த வயிறும் இருக்கிறது. அவற்றையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளத்தான் வகுக்கும் எண் சிறிதாகியிருக்கிறது.

சூத்திரத்தின் பலவீனமும் இங்கேயே தெரிகிறது. தலைக்கும் காலுக்கும் உடம்புக்கும் உள்ள விகிதம் எல்லா இனத்துக்கும் ஒன்றல்ல. நம் நாட்டு மாடுகளுக்காக அகர்வால் இதை மாற்றியமைத்தார். சுற்றளவையும் நீளத்தையும் அங்குலத்தில் பெருக்கி, சுற்றளவுக்கு ஏற்ப 9, 8.5, 8 என்று மாறும் எண்ணால் வகுத்தால் விடை சேர் கணக்கில் வரும். சேர் வழக்கொழிந்த பிறகும் அந்தச் சூத்திரம் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. கேரளத்தின் வெச்சூர்ப் பசுவை நினைத்துப் பாருங்கள். 1989இல் மண்ணுத்தியில் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் தேடிப்பிடித்து அழிவிலிருந்து மீட்ட இனம் அது. உயரம் 90 சென்டிமீட்டர் அளவில், எடை 130 கிலோ சுமாருக்கு. ஹோல்ஸ்டீன் மாட்டுக்கென்று அச்சடித்த நாடாவை அதன் மார்பில் சுற்றினால் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது.

இன்னொன்று, சுற்றளவு இருமுறை பெருக்கப்படுகிறது. ஆகவே அதில் வரும் பிழையும் இரட்டிக்கிறது. நாடாவைத் தளர்வாகப் பிடித்து 168க்குப் பதில் 171 என்று படித்தால் விடை 361 ஆகிவிடும். வெறும் மூன்று சென்டிமீட்டரில் 12 கிலோ. மாடு தலையைத் தாழ்த்தினாலோ ஒரு காலை முன்னே வைத்தாலோ மூன்று சென்டிமீட்டர் மாறும்.

சரி, தராசுக்கு வருவோம்.

மாட்டை நிறுப்பதில் உள்ள பழைய சிக்கல் அதைத் தூக்க முடியாது என்பது. எடை என்ற சொல்லே எடு என்பதிலிருந்து வந்தது. தூக்கினால்தான் எடை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் சணல் பாரம் ஏற்றி வந்த வண்டிகளைச் சங்கிலி கட்டித் தொங்கவிட்டு நிறுத்துக்கொண்டிருந்த காலத்தில், தாடியஸ் ஃபேர்பேங்க்ஸ் 1831இல் ஒரு மேடைத் தராசுக்குக் காப்புரிமை பெற்றார். தரை மட்டத்தில் ஒரு பலகை, அதன் அடியில் ஒன்றோடொன்று கோத்த நெம்புகோல்கள். பாரம் பலகையின் எந்த மூலையில் நின்றாலும் முள் ஒரே எண்ணைக் காட்டும். சில நூறு கிலோவை ஒரு சிறிய எடைக்கல் சமன் செய்துவிடும். வண்டி நடந்து ஏறலாம், மாடும் நடந்து ஏறலாம்.

இன்று பண்ணைகளுக்கு வருவது லோடு செல் தராசு. பார்ப்பதற்கு அது வெறும் எஃகுத் துண்டு. பாரம் ஏறும்போது அந்த எஃகு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதில் ஒட்டிய மெல்லிய உலோக இழை நீளுகிறது, நீண்ட இழையில் மின்தடை கூடுகிறது. அந்த மாற்றத்தை அளந்தால் பாரம் தெரியும். 1938இல் அமெரிக்காவின் இரண்டு மூலைகளில் இருவர் தனித்தனியே இந்த இழையை உருவாக்கினார்கள். கால்டெக்கில் எட்வர்ட் சிம்மன்ஸ், எம்.ஐ.டி.யில் ஆர்தர் ரூஜ். ரூஜ் அப்போது நிலநடுக்கத்தில் தண்ணீர்த் தொட்டிகள் தாங்குமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். தொட்டிச் சுவரின் நீட்சியை அளக்க ஒட்டிய இழை இன்று கல்லாற்றுப் பசுவின் குளம்புக்கு அடியில் இருக்கிறது.

அது தரும் மின்சைகை எவ்வளவு சிறியது என்பதை ஒரு தடவை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நான்கு மூலையிலும் தலா 1000 கிலோ தாங்கும் லோடு செல், 10 வோல்ட் மின்சாரம் என்று கொள்வோம். முழுக் கொள்ளளவான 4000 கிலோ ஏறினால் வழக்கமாகக் கிடைப்பது 20 மில்லிவோல்ட். அப்படியானால் ஒரு கிலோவுக்கு 5 மைக்ரோவோல்ட். ஒரு வோல்ட்டை இரண்டு லட்சம் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மழை பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

பள்ளியில் நிறை வேறு, எடை வேறு என்று படித்தோம். பொருளின் அளவு நிறை, பூமி அதை இழுக்கும் விசை எடை. தராசு வாங்கும்போது இந்த வேறுபாடு கைக்கு வந்து சேர்கிறது. நெம்புகோல் தராசு பசுவின் நிறையை எடைக்கல்லின் நிறையோடு ஒப்பிடுகிறது. இரண்டையும் ஒரே பூமி இழுப்பதால் எங்கே கொண்டுபோனாலும் விடை மாறாது. லோடு செல் இழுவிசையை மட்டுமே உணரும். பூமியின் இழுவிசை துருவங்களில் கூடுதல், நடுக்கோட்டருகே குறைவு. பாரிசில் அளவு திருத்திய லோடு செல் தராசை அப்படியே கொண்டுவந்து கல்லாற்றில் வைத்தால், 400 கிலோ பசுவை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகக் குறைத்துக் காட்டும். டெல்லியில் திருத்தியது என்றால் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக. இங்கிருந்து ஆயிரம் மீட்டர் ஏறிப் பொன்முடியில் வைத்தால் மேலும் நூறு கிராம் அளவுக்குக் குறையும். பண்ணைக்கு இது பெரிய தொகை அல்ல. ஆனாலும் தராசை நிறுவும் இடத்திலேயே தெரிந்த எடைக்கற்களை வைத்து அளவு திருத்த வேண்டும் என்று சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய பூமி இருக்கிறது.

இனி மாடு ஏறட்டும். நில், நிறு, நிறுத்து என்ற சொற்கள் தமிழில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. நிறுப்பதற்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்று மொழியே சொல்கிறது. பசு மேடையில் ஏறி எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும்போதும், தலையை உதறும்போதும், லோடு செல்லுக்குத் தெரிவது அதன் எடை மட்டும் அல்ல, அசைவின் விசையும் சேர்ந்துதான். எண் 340, 371, 352 என்று துள்ளும். மிளகுக் கடைத் தராசில் மாட்டை நிறுக்க முடியாததற்குக் கொள்ளளவு மட்டும் காரணம் அல்ல. கால்நடைத் தராசின் மின்னணுப் பெட்டி ஒரு நொடிக்குப் பல முறை அளவெடுத்து, சில நொடிகளின் சராசரியைக் கண்டு, எண் நிலைபெற்றதும் அதைப் பூட்டிக் காட்டும். மேலே கூடியதும் கீழே குறைந்ததும் ஒன்றையொன்று அழிக்கின்றன, கால்டனின் சீட்டுகளைப் போல. இந்த வசதி இல்லாத மேடையை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் மாட்டுக்காக வாங்கக் கூடாது.

மெஷினை விட மேலான வழி மாடு பயப்படாமல் நிற்பது. வெற்று இரும்புத் தகடு குளம்பு பட்டால் கூடம் அதிர ஒலிக்கும், ஈரத்தில் வழுக்கும். ஒருமுறை வழுக்கிய பசு அடுத்த முறை ஏறாது. தகட்டின் மேல் ரப்பர் பாய் ஒட்டி, அதன்பிறகு பூஜ்யம் வைக்க வேண்டும். மாட்டின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய பின்பக்கம் வரை அதற்குத் தெரியும். தரையில் விழும் நிழலும், தொங்கும் சங்கிலியும், பளபளக்கும் தகடும் அதைத் தயங்கவைக்கும். இருட்டான இடத்துக்குள் நுழைய அது விரும்பாது. ஆகவே மேடை வெளிச்சத்தில், கறவைக்குப் போகும் வழியிலேயே இருக்கட்டும். முதல் வாரம் நிறுக்கவே வேண்டாம், ஒரு கைப்பிடிப் பிண்ணாக்கை மறுமுனையில் வைத்துச் சும்மா கடந்துபோகப் பழக்குங்கள்.

விதுரா பக்கம் இருபது மாடுகள் வைத்திருக்கும் ஒரு பண்ணையில் லோடு செல் அடங்கிய எடைக் கம்பிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். மறுநாள் விடிவதற்குள் அண்ணாச்சி கன்று ஈன்ற பசுவைக் கறந்துவிட்டு, தீனி காட்டாமல் நடத்திக்கொண்டு வந்தார். வழியில் அது இரண்டு முறை சாணம் போட்டது. கால்நடை மருத்துவமனைகளில் டிரெவிஸ் என்று சொல்லும் இரும்புக் குழாய்ச் சட்டத்தின் அடியில் இரண்டு எடைக் கம்பிகள் பொருத்தியிருந்தார்கள். உள்ளே போய் நின்றது. 352. நாடாவை விட மூன்று கிலோதான் அதிகம். அண்ணாச்சியின் முகத்தில் மகிழ்ச்சி. பிறகு தொட்டியில் வயிறு நிறையத் தண்ணீர் காட்டினோம். அந்த வீட்டார் அன்போடு ஒரு கட்டுப் புல்லும் போட்டார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி ஏற்றினோம். 378.

26 கிலோ. அதே பசு, அதே தராசு, அதே காலை.

மாட்டை நிறுப்பதில் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது இதுதான். பசுவுக்குள் ஒரு பெரிய நொதித்தொட்டி இருக்கிறது. முதல் வயிறு மட்டும் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். கறவைப் பசு வெயில் நாளில் 50 லிட்டர் தண்ணீர் குடிக்கும், 25 கிலோ பச்சைப்புல் தின்னும், அதே நாளில் 20 கிலோவுக்கு மேல் சாணமும் பத்து லிட்டருக்கு மேல் மூத்திரமும் பத்து லிட்டர் பாலும் வெளியேறும். தராசில் ஏறும் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் பசுவின் உடம்பே அல்ல, அது வழிப்போக்கனாக உள்ளே தங்கியிருக்கும் தீனியும் நீரும். நன்றாக வளரும் கிடாரி நாளொன்றுக்கு அரைக் கிலோ கூடுகிறது. வாரத்துக்கு மூன்றரைக் கிலோ. தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் ஒரு வாரமும் பின்னால் மறு வாரமும் நிறுத்தால் அந்த மூன்றரைக் கிலோ 26 கிலோவுக்குள் மூழ்கிவிடும். வளர்கிறதா, தேய்கிறதா என்று தெரியவே தெரியாது.

ஆகவே நூறு கிராம் வரை காட்டும் தராசு என்று கடையில் சொன்னால் மயங்க வேண்டாம். ஒரு வாய்த் தண்ணீர் அதைவிட அதிகம். 1000 கிலோ கொள்ளளவில் அரைக் கிலோ அல்லது ஒரு கிலோ துல்லியம் மாட்டுக்குத் தாராளம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதே பாரத்தை ஐந்து முறை ஏற்றி இறக்கினால் ஐந்து முறையும் அதே எண் வருகிறதா? நாலு மூலையிலும் ஒரே ஆள் மாறி மாறி நின்றால் எண் மாறுகிறதா? பசுவின் பாரத்தில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில் இறங்குவதால் மூலை வித்தியாசம் உள்ள மேடை, மாடு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதற்கு ஏற்பப் பொய் சொல்லும். மீதி நம் கையில். எப்போது நிறுத்தாலும் அதே நேரம், கறந்த பின், தண்ணீருக்கும் தீனிக்கும் முன். முக்கியமான எடை என்றால் அடுத்தடுத்து மூன்று நாள் நிறுத்துச் சராசரி. தொடர்பில்லாத பிழைகள் மூன்று நாள் சராசரியில் ஏறத்தாழ 58 சதவீதமாகக் குறைகின்றன.

கன்று ஈன்ற பசுவில் தராசும் ஏமாறும் ஒரு கட்டம் உண்டு. ஈன்ற முதல் இரண்டு மாதங்களில் பாலுக்கு வேண்டிய சத்து தின்பதை விட அதிகம், உடம்பின் கொழுப்பு கரைந்து பாலாகிறது. அதே நாட்களில் பசி கூடி வயிற்றில் தீனியும் கூடுகிறது. உள்ளே சதை குறைய, வயிறு நிறைய, தராசு மாற்றமே இல்லை என்று காட்டும். இந்த இரண்டு மாதங்களில் இடுப்பெலும்பின் மேலும் வால் தொடங்கும் குழியிலும் கை வைத்துப் பார்ப்பது தராசை விட நம்பகமானது. அண்ணாச்சி அதை எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. அவருடைய கைக்கு அது ஏற்கெனவே தெரியும்.

கல்லாற்றில் தராசின் பெரிய எதிரி மழை. தென்மேற்குப் பருவமழை முடிந்தால் துலாவர்ஷம். துலாம் என்றாலும் தராசுதான், நம் ஐப்பசி. அந்த மாதத்துப் பிற்பகல்களில் பொன்முடிப் பக்கமிருந்து இடி இறங்கும். லோடு செல்லின் கம்பிகள் சேரும் பெட்டிக்குள் ஈரம் புகுந்தால், ஐந்து மைக்ரோவோல்ட்டை நம்பியிருக்கும் எண் தானாக நகரத் தொடங்கும். வெற்று மேடையில் காலையில் பூஜ்யம், மாலையில் நான்கு கிலோ. ஐ.பி. 67 அல்லது 68 என்று குறித்த லோடு செல்லையே இந்த ஊருக்கு வாங்க வேண்டும். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். மேடைக்கு அடியில் நீர் தேங்காத கான்கிரீட் தளம், கேபிளை எலி கடிக்காமல் இரும்புக் குழாய், மின்வெட்டுக்கு பேட்டரி. வானம் இருண்டால் கேபிளை மின்னணுப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுவது.

சாணத்தையும் மறக்கக் கூடாது. எங்கள் வீட்டில் முதன்முதலாக வைத்த மேடை மூன்றாம் மாதத்திலிருந்து எல்லா மாட்டையும் பத்துப் பதினைந்து கிலோ குறைத்துக் காட்டியது. மாடுகள் மெலிகின்றன என்று பயந்து நான் தீவனத்தைக் கூட்டினேன். ஒரு வாரம் கழித்துத்தான் மேடையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் சாணமும் சரளையும் இறுகி, பலகையின் ஒரு பக்கத்தைத் தரையே தாங்கிக்கொண்டிருந்தது. லோடு செல்லுக்கு வர வேண்டிய பாரத்தின் ஒரு பங்கு அந்தச் சாணத்தின் வழியாகப் பூமிக்குப் போய்விட்டது. வாரம் ஒருமுறை மேடைக்கு அடியில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

லாரி எடை மேடையில் மாட்டைப் பார்த்துவிடலாமே என்று அண்ணாச்சி கேட்டார். டெம்போவில் மாட்டோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை. பல டன் நிறுக்கும் அந்த மேடைகள் ஐந்து அல்லது பத்து கிலோ படியில்தான் எண் காட்டும், கழித்தலில் இரண்டு எடையின் பிழையும் சேரும். வேறு வழியில்லாதபோது பெரிய மாட்டுக்குச் சரி, கன்றுக்கு வேண்டாம். எடைக்கு விலை பேசி மாட்டை விற்பதானால் சட்ட அளவியல் துறையின் முத்திரை உள்ள தராசு வேண்டும். 2009ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கேட்கிறது. அந்த முத்திரையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

ஆறு மாட்டுக்குச் சொந்தமாக மேடை வாங்க வேண்டாம் என்றுதான் அண்ணாச்சியிடம் சொன்னேன். கன்றைத் தூக்கிக்கொண்டு ஏறும் சிறு மெஷின், தூக்க முடியாத வயது வந்தபின் நாடா. நாடாவை எப்போதும் ஒரே ஆள் பிடிக்க வேண்டும். ஒரு ஜோடி எடைக் கம்பியையும் பெட்டியையும் பால் சங்கம் வாங்கி, மாதம் ஒரு காலை சங்க வாசலில் ஓர் இரும்புச் சட்டத்தின் அடியில் பொருத்தினால் அந்தப் பகுதி மாடுகள் எல்லாம் நடந்து வந்து நிறுத்துவிட்டுப் போகலாம். காதில் மாட்டிய மஞ்சள் பட்டையில் 12 இலக்க எண் ஏற்கெனவே இருக்கிறது. அதன் எதிரே எழுத ஒரு எடை வேண்டும். பாலைத் தசமப் புள்ளி வரை பார்க்கும் சங்கத்துக்கு இது முடியாத வேலை அல்ல.

தராசு சரியா என்று பார்க்கும் வழியையும் அவரே கண்டுபிடித்தார். தோட்டத்து மூலையில் கிடந்த ஐந்து உருண்டைக் கற்களைக் கழுவி, வெயிலில் காயவைத்து, விதுராவில் மிளகு எடுக்கும் மலைச்சரக்குக் கடைக்குக் கொண்டுபோய் முத்திரைத் தராசில் நிறுத்தார். ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் பெயின்ட்டில் எண் எழுதினார். 18.6, 21.2, 19.9, 24.3, 16.0. மொத்தம் சரியாக நூறு. எடைக்கல் என்று தமிழில் சொல்கிறோம், இவை உண்மையிலேயே கல். தொழுவத்து வாசலில் அடுக்கி வைத்திருக்கிறார். ஆள் எடை மெஷினில் ஞாயிறுதோறும் முதலில் ஏறுவது அவற்றில் ஒன்று, அதன்பிறகுதான் கன்று.

நான்கு வாரம் கழித்துப் போனபோது நோட்டைக் காட்டினார். 28, 31, 34, அதற்கடுத்த ஞாயிறு 34.2. கன்று துள்ளிக்கொண்டுதான் இருந்தது. ரோமம் பளபளப்பாக, கண் தெளிவாக. எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அண்ணாச்சி அன்று கல்லை இரண்டாம் முறை ஏற்றிப் பார்த்தாராம். 19.9தான் காட்டியது. திங்கட்கிழமை காலையிலேயே கன்றின் சாணத்தை ஒரு சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனார். உருண்டைப் புழுவின் முட்டைகள் இருந்தன. தாயின் பால் வழியாகவே கன்றுக்கு வரும் புழு அது. "எத்தனை கிலோ?" என்று டாக்டர் கேட்டதற்கு, நோட்டை விரித்துக் காட்டியிருக்கிறார்.